நானூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

1

வருடத்துக்கு ஒரு முறை என்னை ஒரு பெண் நிறுத்துப் பார்க்கிறாள். சாவி, கண்ணாடி, பர்ஸ் எல்லாவற்றையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு எடை மேடையில் ஏற்றுகிறாள். எண்ணைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொள்கிறாள். ஏன் தலையாட்டினாய் என்று கேட்டால் சும்மா என்கிறாள். நான் அமெரிக்காவுக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் யாரும் சும்மா தலையாட்டுவார்கள் என்பதை இன்னும் நான் நம்பவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு டாக்டர் உண்டு. உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே வருடத்தில் ஒரு நாள் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் நெஞ்சில் குழாய் வைத்து, முழங்காலில் தட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, ரத்தம் எடுத்து அனுப்பிவிடுவார். நோயில்லாமல் டாக்டரிடம் போனேன் என்று எங்கள் ஊர் கெலமங்கலத்தில் சொன்னால் வேறு வேலை இல்லையா என்று கேட்பார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் கேட்டேன். ஒன்றுமில்லாதவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒருவர் இத்தனை கேள்வி கேட்டால் அவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதற்கு முன்னால் நாலு பக்கப் படிவம் ஒன்று நிரப்பித் தர வேண்டும். எத்தனை வருடம் நிரப்பினாலும் அடுத்த வருடம் மறுபடி வெறுமையாக வரும். மூன்றாம் பக்கத்தில் நமக்கும் குடும்பத்தாருக்கும் வந்த நோய்கள். நீங்கள், அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் என்று வரிசை, எதிரே கட்டங்கள். உடன்பிறந்தோர் வரிசையில் காசநோய் என்ற கட்டத்தில் வருடா வருடம் நான் ஒரு குறி போட்டு வந்திருக்கிறேன். யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். என் அண்ணன் அந்தோணிக்குக் காசநோய் இருந்தது. எதையும் சந்தேகப்படுகிற நான் சந்தேகப்படாத மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

அந்தக் குறி சரியா தப்பா என்பதுதான் இந்தக் குறிப்புகளின் விஷயம்.

2

என் பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவரை நம்பவே எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது. இந்த வருடம் அவர் இடத்தில் ஹெலன் என்று ஒரு பெண் இருந்தார். என் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். சின்னப்பன் என்பதை இந்த நாட்டில் முதல் தடவையே சரியாகச் சொன்ன ஆள் கிடையாது. முன்னாலேயே யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

யாரிடம் என்பதிலும் சந்தேகமில்லை. என் மகள் ஸ்டெல்லா வேலை நாளில் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள். ஸ்டெல்லாவிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவள் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியே புரியாது. போன மாதம் காரைப் பின்னால் எடுக்கும்போது கராஜ் கதவில் லேசாக இடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் குரலில் ஒரு கனிவு வந்திருக்கிறது. கார் சாவியைப் பிடுங்க அவளும் டாக்டரும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றார். அவர் காதைப் பார்த்தபோதும் வயிற்றை அமுக்கியபோதும் அந்த மூன்று சொற்களையும் ஜெபமாலை மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கேட்க மறந்துவிட்டார். நானே வலிய ஒப்பித்தேன்.

மூன்று வாரமாக இருந்த இருமலை நான் சொல்லவில்லை, ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். உடனே கீழ்த்தளத்துக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இப்போதெல்லாம் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பதில்லை, கம்ப்யூட்டர் திரையில் வருகிறது. எழுபத்து மூன்று வயதில் முதல் முறையாக என் நெஞ்சின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வலது பக்கம் மேலே, எலும்புக்குப் பின்னால், கல் உப்புத் துண்டு போல வெள்ளையாக ஒன்று இருந்தது.

இருமலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். இது பழைய தழும்பு. காசநோய் வந்து ஆறிய இடம். எப்போது வைத்தியம் செய்துகொண்டீர்கள் என்று கேட்டார்.

எனக்குக் காசநோய் வந்ததே இல்லை என்றேன். படம் மாறிவிட்டது என்றேன். வெளியே இரண்டு கிழவர்கள் காத்திருந்தார்கள், அவர்களில் ஒருவருடையதாக இருக்கும் என்றும் சொன்னேன். ஸ்டெல்லா வெட்கத்தில் தரையைப் பார்த்தாள். நான் விடவில்லை. டாக்டர் சலிக்காமல் மறுபடி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை என் பெயரை அந்தப் பெண் தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படம் வந்தது. அதே இடத்தில் அதே உப்புத் துண்டு.

ஒன்று உறைத்தது. முதன்முதல் விசாவுக்காக மதராஸில் படம் எடுத்தபோது, மூன்று நாள் காலையில் சளி கொண்டுவரச் சொல்லி என்னை இழுத்தடித்தார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தவன் என்று படிவத்தில் நானே எழுதியிருந்ததால் அதுதான் காரணம் என்று நினைத்து, அண்ணன்மேல் கோபப்பட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

3

படம் மாறும் என்று நான் அடித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நானே ஒரு முறை மாறி நின்றவன்.

அறுபதுகளின் கடைசி அது. இன்றைக்கு ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஒரு கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். அன்றைக்கு அப்படி இல்லை. வேலை வேண்டுமென்றால் மாநில எல்லையைத் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் போக வேண்டும். அண்ணன் அங்கே எந்திர பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தான். கெலமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஓசூர், அங்கிருந்து கம்பெனி லாரி. லாரியில் தமிழ், கேட்டில் கன்னடம், மேஸ்திரி திட்டும்போது தெலுங்கு. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவையும் என்னையும் அந்த வேலைதான் காப்பாற்றியது.

அந்தத் தொழிற்சாலையிலும் வருடம் ஒரு முறை உடல் சோதனை உண்டு. கேட்டுக்கு வெளியே ஒரு எக்ஸ்ரே வேன் வந்து நிற்கும். சட்டையைக் கழற்றி வரிசையில் நின்று, உள்ளே ஏறி, தகடுமேல் நெஞ்சை ஒட்டி மூச்சைப் பிடிக்க வேண்டும். டாக்டர் நோயைத் தேடவில்லை, ஆளைக் கழிக்கச் சாக்குத் தேடுகிறார் என்பதுதான் தொழிலாளிகளின் எண்ணம். முந்தின வருடம் இரண்டு பேர் சோதனைக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவர்களை அனுப்பினார்களா, அவர்களே பயந்து நின்றுவிட்டார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. பயப்பட அதுவே போதுமாக இருந்தது.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. வேனுக்குள் இருப்பவனுக்கு ஆள் முகம் தெரியாது. பித்தளை டோக்கனில் வெட்டியிருக்கும் எண்ணைத்தான் பார்ப்பான். நெஞ்சில் பயம் உள்ளவர்கள் நெஞ்சு நன்றாக இருக்கிற தம்பியையோ மச்சானையோ டோக்கனோடு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் கெம்பண்ணா என்று ஒரு பயில்வான் இருந்தார். ஒரே வருடத்தில் மூன்று பேருக்காக நெஞ்சைக் காட்டியவர். அந்த வருடமும் அவரைத்தான் அண்ணன் கேட்டான். வேன்காரன் என் முதுகு மச்சத்தை அடையாளம் பிடித்துவிட்டான், இனி முடியாது என்று கெம்பண்ணா கைவிரித்துவிட்டார்.

அண்ணனுக்கு உலைப் புகையில் ஓயாத இருமல். அந்தச் சோதனை முடிந்தால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது. பியூசி முடித்துவிட்டு சேலத்தில் பாலிடெக்னிக் சீட்டுக்காகக் காத்திருந்தேன். ஒல்லிதான், ஆனால் இருமல் கிடையாது. சாயங்காலங்களில் மட்டும் லேசாக உடம்பு சுடும். கண்ணு பட்டிருக்கு என்று அம்மா உப்பு சுற்றிப் போடுவாள்.

அண்ணனின் டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் போனேன். நம்பர் 418. வேனில் இருந்தவன் டோக்கனைப் பார்த்துவிட்டு, கெம்மு இதியா என்று கன்னடத்தில் கேட்டான். இருமல் இருக்கிறதா என்று கேட்கிறான். இல்லை என்றேன், உண்மையைத்தான் சொன்னேன். மூச்சைப் பிடித்தேன், இறங்கினேன், அவ்வளவுதான். ஓசூரில் அண்ணன் எனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தான். கம்பெனியை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

4

பத்து நாள் கழித்து 418-ஐ டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

அண்ணன் போய்விட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னான். நான் நின்று எடுத்த படம் சரியாக விழவில்லையாம். அவனை நேரில் வரச் சொல்லி மறுபடி எடுத்தார்களாம். அவன் நெஞ்சில் புள்ளி இருக்கிறதாம். அம்மா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து அழுதாள். எனக்குக் கம்பெனிமேல்தான் கோபம் வந்தது. ஆள் மாறியதைக் கண்டுபிடித்துவிட்டுப் பழி வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதுவரைக்கும் வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

அன்றே வீட்டு ஏற்பாடு மாறியது. எனக்குச் சீக்கு, நீ ஒட்டாதே என்று என்னை ஜன்னல் உள்ள வெளி அறையில் தனியாகப் படுக்கச் சொன்னான். தனித் தட்டு, தனித் தம்ளர். நான் அதை விரும்பியே செய்தேன். என் தட்டின் அடியில் ஆணியால் என் பெயரைக் கீறி வைத்தேன், அவனுடையதோடு கலந்துவிடக் கூடாதே என்று.

பிறகு மாத்திரை வந்தது. கம்பெனியில் நோயாளி வீட்டாருக்குச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்று தினமும் எனக்கு ஒன்று. அம்மாவுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். வயசானவங்களுக்கு வேண்டியதில்லையாம் என்றான். லாரியில் ஒரு தார்ப்பாய் போடாத கம்பெனி எனக்கு எதற்குச் சத்து கொடுக்கிறது? சீக்காளி ஒருவன் கையிலிருந்து வரும் மாத்திரையை நம்பி விழுங்க நான் முட்டாளா? நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, பின்கட்டு ஆமணக்குச் செடிக்கு அடியில் துப்பிவந்தேன். இரண்டு வாரத்தில் பிடித்துவிட்டான். அடிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால் என் முன்னால் நின்றான்.

"முழுங்குடா. முழுங்கிட்டியா? வாயத் தொற, பாப்போம்."

ஒன்றரை வருடம், ஒரு நாள் விடாமல். இருபது வயதுப் பையன் தினமும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு முட்டையும் ஒரு தம்ளர் பாலும். மாதம் ஒரு முறை பழைய தைல டப்பாவைக் கொடுத்துக் காலைச் சளியைத் துப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போவான். கூட இருக்கறவங்களையும் பாக்கணுமாம் என்பான். எல்லாமே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இதற்கு நடுவில் சேலம் சீட்டு வந்தது. இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் போ, எனக்கு முடியலேன்னா அம்மாவ யாரு பாப்பாங்க என்று தடுத்துவிட்டான். தம்பி தன்னைத் தாண்டிப் போவதைச் சகிக்காத அண்ணன் என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். சொல்லப்போனால் ஒன்றரை வருடம் கழித்து அவனே என்னைச் சேலத்தில் கொண்டுபோய் விட்டான். அதை எழுதிக்கொள்ள மறந்துவிட்டேன்.

கடைசியாக, பேரிகை என்ற பக்கத்து ஊரில் நடந்தது. அங்கே எங்கள் சாதிசனத்தில் லூர்து மேரி என்ற பெண்ணை அண்ணனுக்குப் பேசியிருந்தார்கள். கெலமங்கலம் கோயில் திருநாளுக்கு அவள் வந்தால் அண்ணன் பூசையில் பீடத்தைப் பார்க்க மாட்டான். அவனுக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு சந்தை நாள் அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் எளைச்ச மாதிரி தெரியறானே, உடம்புக்கு ஒன்னும் இல்லியே என்று கேட்டார். நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

"நெஞ்சுல கோளாறுங்க மாமா. கம்பெனில மருந்து குடுக்கறாங்க. பாத்துச் செய்ங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் முறிந்தது. அண்ணன் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

5

இவ்வளவையும் அல்ல, ஒரு பாதியை டாக்டர் ஹெலனிடம் சொன்னேன். காசநோய் என் அண்ணனுக்கு, எனக்கல்ல என்று நிரூபிப்பதற்காகச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எதையோ என் வாயிலிருந்து வரவழைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் அண்ணனுக்கு என்ன வைத்தியம் செய்தார்கள் என்றார். முதல் மூன்று மாதம் கம்பெனிக் கம்பவுண்டர் தினமும் ஊசி போட்டார் என்றேன். மாத்திரை? எனக்குத் தெரிந்து இல்லை, மாத்திரை எனக்குத்தான், அது சத்து மாத்திரை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் ஊசியும் மாத்திரையும் ஒரே ஆளுக்குத்தான் கொடுப்பார்கள், ஒன்றரை வருடம் மாத்திரை என்பது அப்போதைய கணக்கு என்றார். அண்ணனிடமிருந்து உங்களுக்குத் தொற்றாமல் இருக்கவும் மாத்திரை தந்திருக்கலாம், நோய் தானாகவும் ஆறியிருக்கலாம், நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் அந்த வாசல்களில் புகுந்துகொள்ளப் பார்த்தேன். அப்போது அவர் இன்னொன்று கேட்டார்.

அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?

ஏன் என்று கேட்டேன். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுத்துவிடும், போனால் திரும்பாது என்றார்.

அண்ணன் காது போய் ஐம்பது வருடம் ஆகிறது. முதலில் காதுக்குள் வண்டு கத்துகிறது என்றான், பிறகு கூப்பிட்டால் திரும்பவில்லை. உலைச் சத்தம் என்றோம். நான் இங்கே வந்த பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போன் செய்வேன். நான் கத்துவேன், அவன் ஆங், சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். வேண்டுமென்றே செய்கிறான், என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று பத்து வருடத்துக்கு முன்னால் கூப்பிடுவதை வருடம் ஒரு முறையாகக் குறைத்துக்கொண்டேன்.

காரில் ஸ்டெல்லா ஓட்டினாள். நான் சாவியைக் கேட்கவில்லை. பாதி வழியில் சிக்னலில் நின்றபோது அவள் தமிழில் பேசினாள்.

"பெரியப்பாவுக்கு போன் பண்ணுங்கப்பா."

6

மறுநாள் எனக்குக் காலை, ஓசூரில் சாயங்காலம். அண்ணனுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஓசூரில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறான். மேல் வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வீடியோவில் கூப்பிட வைத்தோம். அந்தப் பெண் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டது. அண்ணன் பனியன் போட்டு உட்கார்ந்திருந்தான். முதலில் திரையில் தன் தலைமுடியைச் சரிசெய்தான்.

கத்திப் பிரயோஜனமில்லை. ஸ்டெல்லா வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் கொண்டுவந்திருந்தாள். பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். ‘டோக்கன் 418. படத்தில் இருந்த புள்ளி யாருடையது?’

அண்ணன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"யாரு சொன்னா?" என்றான்.

டாக்டர் என்று எழுதினேன். ஓ, அந்த ஊர் டாக்டருக்குத் தெரிஞ்சிடுச்சா என்று தலையாட்டினான். இத்தனை வருஷமா கண்டுபிடிக்கலியேன்னு நானே நெனச்சேன் என்றான். பிறகு யாரோ ஒரு மூன்றாம் ஆளின் கதையைச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தான். மறுபடி படம் எடுத்ததெல்லாம் பொய். டாக்டர் மேசையில் இருந்தது நான் வேனில் நின்று எடுத்த படம்தான். சீக்காளியை அவர்கள் அனுப்பவில்லை, மருந்துதான் கொடுத்தார்கள்; ஆனால் அது தம்பியுடையது என்று சொன்னால் ஆள்மாறாட்டத்துக்காக வேலை போகும். வேலை போனால் மருந்தும் போகும். அதோடு நோய் என்று என் பெயரில் ஒரு காகிதம் எழுதப்பட்டால் எந்தப் பாலிடெக்னிக்கிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் ஆமாங்க சார், என் நெஞ்சுதான் என்று சொல்லிவிட்டான். மாத்திரையைப் பொட்டலத்தில் கொடுத்தார்கள், வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. ஊசியைக் கொண்டுவர முடியாது, அங்கேயே போடுவார்கள். அதை அவன் போட்டுக்கொண்டான்.

நோயில்லாதவனுக்குத் தினம் ஒரு ஊசி. மூன்று மாதம் கழித்து அவனையே நிறுத்திப் படம் எடுத்தார்களாம். நெஞ்சு பளிச்சென்று இருந்ததாம். இவ்வளவு சீக்கிரம் குணமான ஆளைப் பார்த்ததே இல்லை என்று டாக்டர் அவனை இன்னும் இரண்டு டாக்டர்களுக்குக் காட்டினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் சிரித்தான்.

"ஊசிய நிறுத்திட்டாரு. மாத்திரைய மட்டும் நிறுத்தவே கூடாதுன்னாரு. எனக்கு அதானே வேணும்."

நான் எழுதினேன். ‘என்னிடம் ஏன் சொல்லவில்லை?’

"சொன்னா நம்பியிருப்பியா? சத்து மாத்திரைன்னு சொன்னதுக்கே ஆமணக்குச் செடிக்குப் போட்டவன் நீ. சீக்குன்னு சொல்லியிருந்தா, சீட்டக் கெடுக்கறதுக்குச் சொல்றான்னு ஓடிப்போயிருப்ப."

ஓடித்தான் போயிருப்பேன். என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவன் இந்த உலகத்தில் இருந்திருக்கிறான். நான் அவனுக்கு வருடம் ஒரு போன் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொரு தாளை எடுத்தேன். பேனாவைத் திறந்துவிட்டு மறுபடி மூடினேன். ஸ்டெல்லா எழுதித் தரட்டுமா என்றாள், அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்பதை மறந்து. நானே எழுதினேன். ‘பேரிகையில் சொன்னது நான்.’

அண்ணன் இதற்குக் கண்ணாடியைப் போடவில்லை. தாளைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"தெரியும்டா. அவங்கப்பா அன்னைக்கே வந்து உம் பேரச் சொல்லித்தான் கேட்டாரு."

‘அவர்களிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே’ என்று எழுதிக் காட்டினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"எனக்கில்லைன்னு சொன்னா, அப்ப யாரு நெஞ்சுன்னு கேப்பாங்க இல்ல?"

நான் அழுதேன். எழுபத்து மூன்று வயதில் மகளுக்கு முன்னால் அழுதேன். நான் ஏதோ பேசுகிறேன், தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, அண்ணன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"இப்ப உடம்பு எப்பிடி இருக்குது? எளச்சிட்டியா? வாயத் தொற, பாப்போம்."

நான் வாயைத் திறந்தேன். நாக்கையும் தூக்கிக் காட்டினேன்.

7

ஸ்டெல்லாவுக்கு எல்லாம் முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. அன்றிரவு அவள் பிள்ளைகளிடம் தாத்தாவின் அண்ணன் என்று ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் ஓசூர் போகலாம் என்றும் அவளே சொல்லியிருக்கிறாள். ஏன் திடீரென்று என்று கேட்கவில்லை. கேட்டுப் பழகிய வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் டாக்டர் ஆபீஸுக்குத் தனியாகப் போனேன். ஸ்டெல்லா ஓட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டாள், சாவி அவளிடமே இருக்கிறது. என் படிவத்தில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்த வேண்டும் என்று முன்மேசைப் பெண்ணிடம் சொன்னேன். பழைய டாக்டர் விட்டுப்போன காகிதக் கட்டுக்குள் போன மூன்று வருடத்துப் படிவங்களும் இருந்தன. மூன்றிலும் அந்தக் குறி இருந்தது. புதிதாக ஒன்று தாருங்கள் என்று வாங்கி உட்கார்ந்தேன்.

காசநோய் என்ற கட்டத்துக்கு வந்தேன். அண்ணன் வரிசையை வெறுமையாக விட்டுவிட்டு என் வரிசையில் குறி போட்டேன். ஐம்பது வருடம் அவன் சுமந்ததை இறக்கி வைக்க ஒரு சின்னக் கோடு போதுமாக இருந்தது. எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

கீழே இன்னொரு கட்டம் இருந்தது. இத்தனை வருடமாக நான் கவனிக்காதது. காது கேளாமை. அண்ணனுக்கு நேராக அதில் குறி போட்டேன். பக்கத்தில் காரணம் தெரிந்தால் எழுதவும் என்று ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டின்மேல் என் பெயரை எழுதினேன்.

முன்மேசைப் பெண் வாங்கிப் பார்த்தாள். நோயாளியின் பெயரை முதல் பக்கத்தில் மேலேதான் எழுத வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அங்கேயும் எழுதியிருக்கிறேன் என்றேன்.